பல்பை மாற்றியாச்சு... அப்புறம்?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்ன நம் பேரவை நண்பர், "காதல் கவிதை மட்டும் வேணாண்டா, அதுவே பாதி மலர் வந்தாச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் பயப்படத் தேவையில்லை. மின்னியல் இறுதியாண்டு படிக்கிற எனக்குக் கவிதை வராது. தெரிந்தது பல்பு ஒன்றுதான். நானே 'பல்பு வாங்கிய' கதையும் இதில் வருவதால், சிரிக்க விரும்புபவர்கள் தாராளமாகத் தொடர்ந்து படிக்கலாம்!

2022 மே மாத லீவு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டில் என் ஆயா வீடு. மீன்பிடிக் குப்பம். அந்த வரிசையில் பதினோரு வீடுகள். பாதி வீடுகளில் குண்டு பல்பு, மீதி வீடுகளில் கண்ணாடி கறுத்துப்போன சுருள் சி.எஃப்.எல். பள்ளிக்கூடத்தில் மின்சாரச் சிக்கனம் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசாக ஒரு சோப்பு டப்பா வாங்கியிருந்த நேரம் அது. ஊரையே திருத்திவிடலாம் என்று எனக்குள் ஒரு வேகம். மாமாவிடம் காசு வாங்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். ஒரு நடைபாதைக் கடையில், அட்டைப்பெட்டிகூட இல்லாத எல்.இ.டி. பல்பு, நூறு ரூபாய்க்கு மூன்று என்று குவித்து வைத்திருந்தார்கள். இருபது பல்பு வாங்கி வந்து வீடு வீடாக மாட்டினேன். திண்ணைக்கென்று தனியாக ஒரு பெரிய ஃபோகஸ் லைட்டும் வாங்கியிருந்தேன். கடலைப் பார்த்து அதை மாட்டினேன்.

"இன்னாடா கண்ணு, பகல் மாதிரி கீது!" என்றாள் ஆயா.

"இனிமே கரண்ட் பில் பாதியாயிடும் ஆயா" என்றேன் பெருமையாக.

"பில்லு எங்கடா வர்து நமக்கு?"

திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். உண்மைதான். 2016 மே 23-ம் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டி.வி. உள்ள ஆயா வீட்டு மீட்டர் நூறைத் தொட்டதே இல்லை. குண்டு பல்பு எரிந்தபோதும் பில் பூஜ்யம், எல்.இ.டி. எரிந்தபோதும் பில் பூஜ்யம். சோப்பு டப்பாக் கட்டுரையில் நான் யோசிக்காத விஷயம் இது. இதைப் பிறகு பேசுகிறேன். முதலில் அந்த இருபது பல்புகளின் கதி!

அதே வருஷம் டிசம்பர் 9-ம் தேதி நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. மரம் விழுந்தது, கம்பி அறுந்தது, கரண்ட் போனது. பிறகு ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். குப்பமே "ஹே!" என்று கத்தியது. பல்புகள் எரிந்தன. என்றும் இல்லாத பிரகாசமாக எரிந்தன. அடுத்த நிமிஷம் 'பட், பட்' என்று சத்தம், பொசுங்கிய நாற்றம், மறுபடி இருட்டு. நான் மாட்டிய இருபதில் பதினாலு ஒரே நிமிஷத்தில் காலி!

"நீ மாட்ன பல்பு இன்னாடா தீபாவளி கொண்டாடுது?" என்றார் மாமா.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. புயலில் எங்கோ நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது. மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட்டில் இருக்கவேண்டிய வீடுகள் 415 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிவரும். பங்கு எப்படிப் பிரியும்? எந்த பேஸில் லோடு அதிகமோ அங்கே வோல்டேஜ் இறங்கும். எந்த பேஸில் லோடு குறைவோ அங்கே ஏறும். ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் ஓடுகிற வரிசைக்கு ஆபத்து குறைவு. இரண்டு பல்பு எரிகிற ஏழை வரிசைக்குத்தான் அடி. குண்டு பல்பைக் கழற்றி லோடை இன்னும் குறைத்து வைத்தவன் யார்? அடியேன்தான்.

குண்டு பல்பாக இருந்தால் தப்பித்திருக்குமா என்றால், இல்லை. அதுவும் போயிருக்கும். ஆனால் அதன் விலை அன்று பத்துப் பதினைந்து ரூபாய்.

இவ்வளவு சொன்னதும் "இவன் எல்.இ.டி.க்கு எதிரி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. 60 வாட் குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,500 டிகிரி சூடேறிக் கிடைக்கும் வெளிச்சம் சுமார் 700 லூமென். வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மிச்சமெல்லாம் வெப்பம். சொல்லப்போனால் அது வெளிச்சமும் தருகிற ஒரு ஹீட்டர்! அதைவிடக் கொஞ்சம் கூடுதலான வெளிச்சத்தை 9 வாட்டில் எல்.இ.டி. தந்துவிடுகிறது. தினம் 6 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் குண்டு பல்புக்கு 21.6 யூனிட், எல்.இ.டி.க்கு 3.24 யூனிட். வேறென்ன சாட்சி வேண்டும்? குப்பம் மாதிரி லைன் முடிகிற இடங்களில் இன்னொரு நன்மையும் உண்டு. வோல்டேஜ் இறங்கினால் குண்டு பல்பு மின்மினிப் பூச்சியாகிவிடும். நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. அப்போதும் அதே வெளிச்சம் தரும்.

சிவப்பு எல்.இ.டி.யை 1962-ல் நிக் ஹோலோன்யாக் எரிய வைத்தார். ஆனால் நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி இல்லை. அந்த நீலத்துக்காக முப்பது வருஷம் உலகம் காத்திருந்தது. அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது இதற்குத்தான். நம் நாட்டில் 2015 ஜனவரி 5-ல் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகமாகியிருக்கின்றன. 2014-ல் 310 ரூபாயாக இருந்த மொத்தக் கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. விலை இறங்கிய வேகத்தில்தான் நூறு ரூபாய்க்கு மூன்று என்ற நடைபாதைக் கடையும் வந்து சேர்ந்தது.

பல்பு மாறியது. நல்லது. அப்புறம்?

செத்த பதினாலையும் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. கோணிப்பையில் போட்டு வைத்தேன். மிச்சம் ஆறும் அடுத்த தீபாவளிக்குள் ஒவ்வொன்றாகப் பையில் சேர்ந்தன. புயலும் இல்லை, ஒன்றும் இல்லை, தானாகவே போயின. எல்.இ.டி. பல்பு 25,000 மணி நேரம் உழைக்கும் என்று நல்ல கம்பெனிப் பெட்டிகளில் போட்டிருக்கும். தினம் 6 மணி நேரம் என்றால் பதினோரு வருஷத்துக்கு மேல்! என்னுடையவை ஒன்றரை வருஷம்கூடத் தாண்டவில்லை.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அந்தப் பையை லேபுக்குக் கொண்டுவந்து, இருபதையும் உடைத்துப் பார்த்தோம் நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும். பாடப்புத்தகம் சொல்லாத பாடம் அது! புயலுக்குப் பின் போன பதினாலிலும் டிரைவர் போர்டு பொசுங்கியிருந்தது. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வயிறு வெடித்துக் கிடந்தது. மிச்சம் ஆறில் டிரைவர் நன்றாகவே இருந்தது. வரிசையாகக் கோத்த சிறு எல்.இ.டி. சிப்புகளில் ஏதோ ஒன்றில் மட்டும் கடுகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. சீரிஸ் இணைப்பு அல்லவா? ஒன்று போனால் எல்லாம் அவுட். ஒரு கடுகுப் புள்ளிக்காக மொத்த பல்பையும் குப்பையில் போடுகிறோம் தோழர்களே!

ஏன் கறுக்கிறது? சூடு. எல்.இ.டி.யில் சூடே இல்லை என்பது பாதி உண்மைதான். வெளிச்சத்தோடு வெப்பத்தை முன்னால் வீசாது, அவ்வளவுதான். சிப்புக்குப் பின்னால் சூடு தேங்கும். அதை இழுத்து வெளியேற்ற அலுமினியம் வேண்டும். நல்ல பல்பைக் கையில் எடுத்தால் கனமாக இருப்பது இதனால்தான். நான் வாங்கியதில் அலுமினியம் பெயருக்குத்தான், மற்றதெல்லாம் பிளாஸ்டிக். அதைக் கொண்டுபோய், மே மாதத்தில் அனலாகக் கொதிக்கிற ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒரு சாண் கீழே மாட்டினேன். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது நம் வாத்தியார்கள் சொல்லும் கணக்கு. போதாததற்குக் கடற்கரை உப்புக் காற்று. ஹோல்டர் பின்னில் களிம்பு ஏறி, காண்டாக்ட் விட்டு விட்டுப் பிடித்து, டிரைவரை உலுக்கிக்கொண்டே இருக்கும்.

இருபதில் ஒன்பதை உயிர்ப்பித்தோம். ஆறில் கறுத்த சிப்பைக் கழற்றிவிட்டு, வேறு பல்பிலிருந்து நல்ல சிப் எடுத்து வைத்தோம். மூன்றில் கெபாசிட்டரும் ரெக்டிஃபையரும் மாற்றினோம். மிச்சம் பதினொன்று உதிரி பாகத்துக்கு. ஒரு பல்புக்கு ஆன செலவு டீக்காசைத் தாண்டவில்லை. (முதலாண்டுத் தம்பிகளே, தங்கைகளே, இதைப் படித்துவிட்டு இன்றைக்கே வீட்டில் பல்பை உடைக்காதீர்கள். பெரும்பாலான டிரைவர்களில் மெயின்ஸ் நேரடியாக போர்டுக்கு வருகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஒரு ஷாக் நானும் வாங்கியிருக்கிறேன்!)

பழுது பார்க்க முடியாதபடி பசை வைத்து ஒட்டிய பல்புகளும் உண்டு. விலை ஜாஸ்தியான சிலதிலேயே அப்படித்தான். இந்த வியாபார புத்தி புதிதல்ல. 1924-ல் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் 'ஃபீபஸ்' என்ற பெயரில் கூட்டுச் சேர்ந்து, குண்டு பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. அதிகம் எரியும் பல்பு தயாரித்தவனுக்கு அபராதம்! அந்தக் கூட்டு கலைந்து பல காலமாகிவிட்டது, புத்தி கலையவில்லை. கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901-ல் ஏற்றிய குண்டு பல்பு நூறு வருஷம் தாண்டியும் எரிந்தது.

இப்போது ஆயாவின் பூஜ்யம் பில்லுக்கு வருகிறேன். குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டினால் மிச்சமாகும் யூனிட் ஆயாவுக்கு அல்ல. அந்த யூனிட்டை உற்பத்தி செய்து இலவசமாகத் தருகிறவர்களுக்குத்தான் மிச்சம். நல்ல காரியம், மறுக்கவில்லை. 2012-ல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்ததை எங்கள் அப்பா இன்னும் சொல்லிக்காட்டுவார். மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் பல்பு வாங்கும் செலவு யாருடையது? செத்தால் மறுபடி வாங்கும் செலவு யாருடையது? ஆயாவுடையது! மிச்சம் ஓரிடம், செலவு ஓரிடம் என்றால் ஆயா என்ன செய்வாள்? கிடைப்பதில் மலிவானதைத்தான் வாங்குவாள். அது மறுபடி சாகும். ஆயாவுக்கு அறிவு போதாது என்று இதற்கு யாரும் சொல்ல வேண்டாம். அவள் கணக்கு சரியான கணக்கு.

என் கருத்து இதுதான். 100 யூனிட்டுக்குள் நிற்கிற வீடுகளுக்கு உத்தரவாதமுள்ள நல்ல எல்.இ.டி. பல்பை அரசே இலவசமாகத் தரலாம். செத்த பல்பைக் கொண்டுவந்தால், கணக்கெடுக்க வருகிறவரோ பக்கத்து ரேஷன் கடையோ மாற்றிக் கொடுக்கலாம். உஜாலா பல்புக்கு மூன்று வருஷ உத்தரவாதம் உண்டு. ஆனால் கொக்கிலமேட்டு ஆயா அதை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கு பஸ் ஏறுவாள்? பஸ் சார்ஜும் அரை நாள் மீன் வியாபாரமும் போனால் பல்பு விலையைவிட நஷ்டம் அதிகம். கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்தின் பீலிக்கோடு பஞ்சாயத்து, குண்டு பல்பே இல்லாத பஞ்சாயத்து என்று பெயர் வாங்கியது. வீடு வீடாகப் போய் மாற்றியதால்தான் அது முடிந்தது. கடையில் குவித்து வைத்தால் நடக்கிற காரியமில்லை.

கடலைப் பார்த்து நான் மாட்டிய அந்த ஃபோகஸ் லைட்டைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை யோக்கியமான கட்டுரை ஆகாது.

நம் கரையில் ஜனவரி முதல் பங்குனி ஆமை மணலேறி முட்டையிடும். ஒன்றரை இரண்டு மாதத்தில் குஞ்சு பொரிந்து, ராத்திரியில் மணலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கடல் எந்தப் பக்கம் என்று அதற்கு யார் சொல்வது? இருட்டில் எந்தத் திசை வெளிச்சமோ அதுதான் கடல். காலங்காலமாக நிலவும் நட்சத்திரமும் பட்டு மினுங்குகிற தண்ணீர்தான் வெளிச்சம். இன்று? கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ரிசார்ட் விளக்கு, தெருவிளக்கு, வாசல் விளக்கு. அதிலும் வெள்ளை எல்.இ.டி. என்பது நீலச் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். ஆமைக்குஞ்சை அதிகம் இழுப்பது அந்த நீலப் பக்கத்து ஒளி. பழைய குண்டு பல்பின் மஞ்சளில் நீலம் குறைவு. ஆக, சிக்கனம் என்று நினைத்து நான் மாட்டிய விளக்கு, ஆமைக்குப் பழையதைவிடக் கெட்ட விளக்கு.

அடுத்த வருஷம் ஏப்ரலில் ஒரு விடியற்காலை, மாமா என்னை எழுப்பித் திண்ணைக்கு வெளியே கூட்டிப்போனார். சந்தில் ஆமைக்குஞ்சுகள். எறும்பு மொய்த்தது சில. மோட்டார் சைக்கிள் ஏறியது சில. உயிரோடு இருந்தவை என் விளக்குக்குக் கீழே சிமென்ட் தரையில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. மாமா திட்டவில்லை. வாளியில் அள்ளினார். "கடல் பக்கம் இருட்டா இருந்தாதான்டா எங்களுக்கும் கடல் தெரியும்" என்று மட்டும் சொன்னார். விடிகாலையில் படகு தள்ளுகிறவர்களுக்கு என் விளக்கு கண்ணைக் கூசவைத்திருக்கிறது. ஒரு வருஷமாக, படிக்கிற பையன் ஆசையாக மாட்டியதாயிற்றே என்று யாரும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

ஆமை சாவதற்கெல்லாம் விளக்கே காரணம் என்று சொல்லவரவில்லை. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கியபோது பேச்சு இழுவலைகளைப் பற்றித்தான் எழுந்தது. அது வேறு வழக்கு. ஆனால் விளக்கு நம் கையில் உள்ள விஷயம். அந்த ஃபோகஸ் லைட்டைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பதிலாக மஞ்சள் நிற எல்.இ.டி. ஒன்று. எண்ணெய் டின்னை வெட்டிக் கடல் பக்கம் மறைக்கும் மூடி. வெளிச்சம் இப்போது திண்ணையில் மட்டும் விழுகிறது. பெட்டியில் 'வார்ம் ஒயிட்' என்று போட்டிருப்பது முழு மஞ்சள் அல்ல, அதிலும் கொஞ்சம் நீலம் உண்டு. 6,500 கெல்வின் வெள்ளையைவிட 2,700 கெல்வின் மேல். கடலோர வாசலுக்கு அசல் மஞ்சள் இன்னும் மேல். விளக்கே இல்லையென்றால் ரொம்ப மேல்!

மாணவர்களால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு நம் கரையிலேயே பதில் இருக்கிறது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக மணலில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்துவருகிறார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு என்று உலகத்துக்கே தெரியும். கேரளத்தில் நம்மைப் போன்ற தொழில்நுட்ப மாணவர்கள் என்.எஸ்.எஸ். மூலம் 'புனர்ஜனி' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் பழுதாகிக் கிடந்த கட்டில், கருவி எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தார்கள். நம்மால் ஒரு பல்பைச் சரிசெய்ய முடியாதா?

ஆகவே பேரவைக்கு என் கோரிக்கை. அடுத்த ஆண்டு பேரவை விழாவில் சீரியல் செட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதி போதும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மின்னியல் பழைய லேபில் ஒரு மேசை. திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற நாம் ஆளுக்கு நாலு செத்த பல்பு கொண்டுவந்தால் வேலைக்குப் பஞ்சமில்லை. சரியானதை எடுத்துப் போய்க் கொடுப்போம். சரியாகாததன் அலுமினியத்தையும் போர்டையும் பிரித்து வைப்போம். புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பெட்டியைப் பார்த்து வாங்கச் சொல்லிக்கொடுப்போம். ஐ.எஸ். 16102 என்ற எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது.

தேவை ரொம்பக் கொஞ்சம். சால்டரிங் அயர்ன் இரண்டு, மல்டிமீட்டர் ஒன்று, ஈயம், ஃப்ளக்ஸ். கூடவே ஒரு சீரிஸ் லாம்ப். சரிசெய்த பல்பை நேராக மெயின்ஸில் போட்டால், உள்ளே ஷார்ட் இருந்தால் மறுபடி வெடிக்கும். அதனால் சீரிஸில் ஒரு விளக்கைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். அந்த வேலைக்கு எல்.இ.டி. உதவாது, 60 வாட் குண்டு பல்புதான் வேண்டும். நான்தான் ஊரில் இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் கொண்டு வாருங்கள்.